லாரி டிரைவராக நிலைத்து நிற்பது எப்படி? லைசென்ஸ் முதல் சொந்த வண்டி வரை

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் எந்த லாரி ஆபீஸில் போய் உட்கார்ந்தாலும் ஒரே பேச்சுதான்: வண்டி நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை. ஹெவி லைசென்ஸ் இருந்தால் நாளைக் காலையில் சாவி கைக்கு வந்துவிடும். அதே ஆபீஸில் இன்னொன்றும் காதில் விழும். யாராவது ஒரு டிரைவர் பெயரைச் சொன்னால், "அவனுக்கா? வேண்டாம்ங்க, வண்டி பத்து நாள் சும்மாவே நிக்கட்டும்" என்பார் ஓனர். வேலை கிடைப்பது சுலபம், நிலைத்து நிற்பதுதான் பாடு.

நேஷனல் பெர்மிட் லாரியை, அதாவது எல்லா மாநிலத்துக்கும் போக அனுமதி உள்ள லாரியை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்து வண்டிகள் அதிகம் ஓடுவது அந்த லைனில்தான். ஜவ்வரிசியும் தீப்பெட்டியும் ஏற்றி வடக்கே போய், நாசிக் வெங்காயமோ ஆக்ரா உருளைக்கிழங்கோ மோர்பி டைல்ஸோ ஏற்றித் திரும்பும் வண்டிகள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் காசு வேகத்தில் இல்லை. இறக்கத்தில் போடும் கியர், கிளம்பும் முன் பார்க்கும் பேப்பர், திரும்பி வந்ததும் கொடுக்கும் கணக்கு, இந்த மூன்றில்தான் இருக்கிறது. கீழே உள்ள படிகளிலும் இந்த மூன்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: லைசென்ஸ்

போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது முடிந்திருக்க வேண்டும். நேராக ஹெவிக்குப் போக முடியாது. முதலில் கார் லைசென்ஸ், அதாவது இலகுரக வாகன லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆன பிறகுதான் ஹெவிக்கு எல்எல்ஆர் கொடுப்பார்கள். டிரைவிங் ஸ்கூல் தரும் படிவம் 5, டாக்டர் தரும் படிவம் 1ஏ இரண்டும் வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019-ல் எடுத்துவிட்டார்கள். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்கள் இன்னும் அதை நினைத்துத் தயங்குவதைப் பார்க்கிறேன், தயங்க வேண்டியதில்லை.

அந்த ஒரு வருடக் காத்திருப்பை வீணாக்க வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. மினி லாரியில் காய்கறி, பால், முட்டை ஓட்டம் ஓட்டினால் சந்தில் ரிவர்ஸ் எடுப்பதும், விடியற்காலை ஓட்டமும், கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குவதும் பழகிவிடும்.

டிரைவிங் ஸ்கூலில் காலி லாரியை எட்டு போட்டு டெஸ்டில் பாஸ் ஆவது வேறு, 18 டன் ஏற்றிய வண்டியை நிறுத்துவது வேறு. வசதிப்பட்டால் முறையான பயிற்சிக்குப் போங்கள். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் ஓட்டுநர் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஹெவி லைசென்ஸ் 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. தேதியை மறந்து ஓட்டி விபத்தாகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த பணத்தை ஓனரிடமே திருப்பிக் கேட்க வழி உண்டு. அப்புறம் அந்த ஓனர் உங்களைச் சும்மா விடமாட்டார்.

படி 2: யாரிடம் போய்ச் சேருவது

ஒரு காலத்தில் கிளீனராகச் சேர்ந்து, வண்டி கழுவி, ஸ்டெப்னி மாற்றி, நாலு வருடம் கழித்துத்தான் ஸ்டியரிங்கைத் தொடுவார்கள். இப்போது பாதி வண்டியில் கிளீனரே இல்லை. அதனால் கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் நேராக சீட்டில் உட்காருகிறவர்கள் அதிகம். முடிந்தால் முதல் ஆறு மாதம் மூத்த டிரைவர் ஒருவரோடு இரண்டாவது டிரைவராகப் போங்கள். படி, அதாவது பேட்டா, குறைவாகத்தான் கிடைக்கும், பரவாயில்லை. எந்த தாபாவில் டீசல் திருடுவார்கள், எந்த மார்க்கெட்டில் இறக்குக் கூலித் தகராறு வரும், எந்த மேம்பாலத்துக்கு அடியில் பாடி தட்டும் என்பதெல்லாம் எந்த மேப்பிலும் இல்லை.

ஆரம்பத்திலேயே 14 சக்கரம், 16 சக்கரம் வேண்டாம். ஆறு சக்கரம், பிறகு பத்து, பிறகு மேலே. டிரெய்லர் தனி வித்தை. ரிவர்ஸில் ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் வேலை செய்யும். அதற்கென்று தனியாகப் பழக வேண்டும்.

கேஸ் டேங்கர், பெட்ரோல் டேங்கர் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: அபாயகரமான சரக்குக்கென 3 நாள் பயிற்சி முடித்து லைசென்ஸில் அதைப் பதிய வேண்டும். அந்தப் பதிவு 3 வருடத்துக்குத்தான் செல்லும். புதுப்பிக்கும்போது ஒரு நாள் வகுப்பு. ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. வண்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் பலகையில் 1075 என்றிருந்தால் எல்பிஜி, 1203 என்றால் பெட்ரோல். தீயணைப்புக்காரர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். சம்பளம் ஓரளவு ஒழுங்காக வரும், ஏற்று இறக்கு இடங்களும் பெரும்பாலும் மாறாதவை. ஆனால் பிளாண்ட் வாசலில் வரிசையில் நாள்கணக்காகக் கிடக்கும் பொறுமை வேண்டும்.

படி 3: கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி ஒரு நடை

இதற்குப் பத்து நிமிடம் போதும். ஆயில், கூலன்ட், லைட், ஹாரன் எல்லாம் யாரும் சொல்லாமலே பார்ப்பீர்கள். பலர் பார்க்காதது வீல் நட். நட்டைச் சுற்றி துரு நிறத்தில் கோடு வழிந்திருந்தால் அந்த நட் லூஸ் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். கையில் திருப்பிப் பார்த்தால் அசையாது, ஓட்டத்தில் அசையும். இரட்டை டயர்களுக்கு நடுவில் கல் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஒவ்வொரு டயரையும் கம்பியால் தட்டுங்கள். காற்று சரியாக இருந்தால் கம்பி துள்ளி எழும், சத்தம் 'டங்'கென்று வரும். காற்று குறைந்த டயரில் தட்டினால் சத்தம் உள்ளேயே அமுங்கிவிடும். பின்னால் உள்ளே இருக்கும் டயரில் காற்று குறைந்தால் வெளியிலிருந்து தெரியாது. பக்கத்து டயர் பாரம் தாங்கிக்கொண்டே ஓடி, கடைசியில் இரண்டும் சேர்ந்து வெடிக்கும்.

லாரி பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. எஞ்சினை ஓட விட்டு ஏர் நிரப்பி, அணைத்துவிட்டு, பிரேக்கை மிதித்தபடியே ஏர் மீட்டரைப் பாருங்கள். முள் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ லீக். சுற்றி வந்து காது கொடுத்தால் 'உஸ்' சத்தம் பிடிபடும்.

ஓட்டத்தின் நடுவே டீக்கு நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். மற்றவற்றைவிட ஒன்று மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, அல்லது பேரிங் போகப்போகிறது. லாரி டயர் தானாகத் தீப்பிடித்த கதைகளில் பாதி இங்கேதான் ஆரம்பிக்கும்.

பிஎஸ்-6, அதாவது புதுப் புகை விதிப்படி வந்த வண்டி என்றால் டீசலோடு, புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசல் டேங்கையும் பார்க்க வேண்டும். அது தீர்ந்தால் எஞ்சின் தானாக இழுவையைக் குறைத்துக்கொள்ளும். காசு மிச்சம் என்று தண்ணீரோ, உர யூரியாவைக் கரைத்தோ ஊற்றினால் சென்சாரும் சைலன்சர் பக்க பாகங்களும் போய், லட்சக்கணக்கில் செலவு வைக்கும்.

படி 4: லோடு

2018-ல் எடை வரம்பை உயர்த்தினார்கள். இரண்டு அச்சு ஆறு சக்கர வண்டிக்கு மொத்த எடை 18.5 டன், மூன்று அச்சு பத்து சக்கர வண்டிக்கு 28.5 டன். இது வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை. ஏற்றும் முன் காலி எடை, ஏற்றிய பிறகு லோடு எடை, இரண்டு எடைமேடைச் சீட்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்குமேல் டன்னுக்கு 2,000. கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டியை விடவும் மாட்டார்கள். "ரெண்டு டன் கூட இருக்கு, பாத்துப் போயிடு தம்பி" என்று புக்கிங் ஆபீஸில் சொல்வார்கள். மாட்டினால் அந்தக் குரல் போனை எடுக்காது.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். பாரம் பின்பக்கம் சேர்ந்துவிட்டால் முன் அச்சு லேசாகி ஸ்டியரிங் பிடி தளரும். ஒரு பக்கம் சாய்ந்தால் வளைவில் கவிழும். டேங்கரில் பாதி நிரம்பிய திரவம் அலையடிக்கும், பிரேக் போட்ட பிறகும் ஒருமுறை முன்னால் தள்ளும்.

தார்ப்பாய் இரண்டு போடுவதென்றால் முதலில் பின்பாதியை மூடுங்கள். முன்பாதித் தார்ப்பாய் அதன்மேல் ஏறிப் படிய வேண்டும். மாற்றிப் போட்டால் எதிர்க்காற்று வாயைப் பிளந்து உள்ளே புகும், மழை பின்னாலேயே வரும். ஜவ்வரிசி மூட்டை நனைந்தால் மொத்த வாடகையும் அதிலேயே போய்விடும். கிளம்பி முப்பது நாற்பது கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்திக் கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டுங்கள். லோடு குலுங்கி அமர்ந்த பிறகு முதல் கட்டு எப்போதும் தொய்ந்திருக்கும்.

படி 5: பேப்பர்

ஆர்சி, இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), பெர்மிட், புகைச் சான்று, லைசென்ஸ் எல்லாவற்றையும் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டலாம், சட்டப்படி செல்லும். இருந்தாலும் ஒரு செட் ஜெராக்ஸ் கேபினில் இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்தில்தான் கேட்பார்கள்.

டிரைவரை அதிகம் மாட்டிவிடுவது இ-வே பில், அதாவது சரக்கு போக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் மின்சீட்டு. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு அது கட்டாயம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. 2,400 கிலோமீட்டர் ஓட்டம் என்றால் 12 நாள் கிடைக்கும். தாராளம்போலத் தெரியும். நடுவில் எஞ்சின் வேலை வந்து நான்கு நாள் பட்டறையில் நின்று, இறக்குமிடத்தில் லீவு வந்தால் தீர்ந்துவிடும். முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னும் 8 மணி நேரம் பின்னும் மட்டும்தான் நீட்டிக்க முடியும். அதை ஆபீஸில் இருப்பவர் செய்வார், ஆனால் ஞாபகப்படுத்த வேண்டியது நீங்கள். பிரேக்டவுனாகி வேறு வண்டிக்கு சரக்கை மாற்றினால் புது வண்டி எண்ணைப் பில்லில் ஏற்றிய பிறகே நகர வேண்டும். பிடிபட்டால் வரியின் இரு மடங்கு அபராதம், அது கட்டும்வரை வண்டி அங்கேயே.

லோடு ஏற்றியதும் மூன்றை ஒப்பிட்டுப் பாருங்கள்: பில்லில் உள்ள வண்டி எண், மூட்டை எண்ணிக்கை, இறக்கும் ஊர். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கிளம்பாதீர்கள். வாசலைத் தாண்டிவிட்டால் திருத்தித் தர யாருக்கும் நேரம் இருக்காது.

படி 6: இறக்கம்

சேலம் தருமபுரி சாலையில் தொப்பூர் கணவாயைத் தெரியாத டிரைவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. பெங்களூரு பக்கமிருந்து பாரத்தோடு வருபவர்களுக்கு நீண்ட இறக்கம், வளைவு வேறு. புனே அருகே காத்ரஜ் சுரங்கம் தாண்டியதும் நவலே பாலம் வரை இறங்கும் சாலையும் அப்படித்தான். போகும்போது நவலே, வரும்போது தொப்பூர். வடக்கே போய்வந்த வண்டிக்குத் தொப்பூர் என்றால் வீடு வந்துவிட்ட மாதிரி. அந்த நினைப்பே ஆபத்து.

இரண்டு இடத்திலும் விபத்துக்குப் பிறகு கேட்கும் சொல் "பிரேக் பிடிக்கல". பல சமயம் பிரேக் நன்றாகத்தான் இருந்திருக்கும், வண்டி நியூட்ரலில் இருந்திருக்கும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுவார்கள். அப்போது 28 டன்னையும் பிரேக் ஒன்றே பிடிக்க வேண்டும். மிதித்து மிதித்து டிரம் சூடேறும், லைனர் பிடியை இழக்கும். கம்ப்ரசர் நிரப்புவதைவிட வேகமாக ஏரும் தீரும். அந்த நேரத்தில் கியருக்குள் போட நினைத்தால் ஓடும் வேகத்துக்கு எந்தக் கியரும் விழாது.

கம்ப்யூட்டரே டீசலை அளந்து விடும் இன்றைய காமன்ரெயில் எஞ்சினில் இந்த மிச்சக் கணக்கே பொய். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்கு டீசல் போவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் நியூட்ரல் போடுபவர் உயிரையும் கொடுத்து டீசலையும் கொடுக்கிறார்.

ஆகவே இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே, சமதளத்திலேயே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்குங்கள். அந்த மேட்டை ஏறுவதாக இருந்தால் எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியர், அல்லது அதற்கும் ஒன்று கீழே. புகைவழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்கும் எக்சாஸ்ட் பிரேக்கைப் போடுங்கள். கால் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வராதீர்கள். வேகம் ஏறும்போது ஒருமுறை அழுத்தமாக மிதித்து இறக்கிவிட்டு, முழுதாக விட்டுவிடுங்கள். ஏர் மீட்டரில் ஒரு கண் இருக்கட்டும். பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

சத்தியமங்கலம் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 27 கொண்டை ஊசி வளைவு, கனரக வண்டிக்கு எடைக் கட்டுப்பாடு, 2022 முதல் மாலை 6 முதல் காலை 6 வரை சரக்கு வண்டிக்குத் தடை. பண்டிப்பூர் காட்டுச் சாலை 2009-லிருந்தே இரவு 9 முதல் காலை 6 வரை மூடல். நேரம் தவறினால் செக்போஸ்டில் ராத்திரி போய்விடும். அதை முன்கூட்டியே கணக்கில் வைத்து லோடை ஒத்துக்கொள்ளுங்கள்.

படி 7: தூக்கம்

ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை, தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. ரோட்டில் அப்படி யாரும் ஓட்டுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். சட்டம் பேசுவதைவிட நடப்பில் முடிந்ததைச் சொல்கிறேன். விடியற்காலை 2 முதல் 5 வரை வண்டியை ஓரங்கட்டுங்கள். அந்த மூன்று மணி நேரத்தில் உடம்பு எப்படியும் தூங்கப் பார்க்கும், கண் திறந்திருந்தாலும். கடைசியாகத் தாண்டிய டோல் எது என்று ஞாபகம் வரவில்லையா? அப்படியென்றால் கொஞ்ச தூரம் தூங்கிக்கொண்டேதான் வந்திருக்கிறீர்கள். டீ, முகம் கழுவுவது, பாட்டு எல்லாம் அதிக நேரத்துக்கு உதவாது. இருபது நிமிடம் படுத்து எழுந்தால் உதவும்.

பாக்கு, மாத்திரை பக்கம் போகாதீர்கள். வடக்கே சில இடங்களில் கசகசாச் செடியின் காய்த்தோலைப் பொடி செய்து டீயில் கலந்து தருவார்கள். முதல் தடவை இரவு முழுக்கக் களைப்பே தெரியாது. பிறகு அது இல்லாமல் வண்டியே ஓட்ட முடியாது. கையில் வைத்திருந்தால் போதைப்பொருள் சட்டம், ஜாமீன் லேசில் கிடைக்காது.

நிறுத்தும்போது வெளிச்சமான பங்க்கில் நிறுத்துங்கள். டீசல் டேங்க் இருக்கும் பக்கம் சுவரையோ இன்னொரு லாரியையோ ஒட்டி இருக்கட்டும். சாலையோரத்தில் பார்க்கிங் லைட் இல்லாமல் நிறுத்துவது உங்களுக்கு ஓய்வு, பின்னால் வரும் பைக்காரருக்கு எமன்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாக: சர்க்கரை, முதுகுவலி, மூலம் மூன்றும் இந்த வேலையோடு வருபவை. சமைக்க ஸ்டவ் வைத்திருப்பவர்கள் தாபா எண்ணெயிலிருந்து தப்பிக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை கண்ணும் சர்க்கரையும் பாருங்கள். 2025-லிருந்து புது லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயமாகியிருக்கிறது. சேருமுன் வண்டியில் அது இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

படி 8: டீசலும் கணக்கும்

ஒரே வண்டி, ஒரே லோடு, இரண்டு டிரைவர். ஒருவர் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறார், இன்னொருவர் 3.7. கேட்க அற்பமாக இருக்கும். 2,400 கிலோமீட்டரில் அது ஏறக்குறைய 49 லிட்டர், இன்றைய விலையில் நாலாயிரம் ரூபாய்க்கு மேல். ஓனர் இதைத்தான் பார்க்கிறார். மைலேஜ் எடுக்க மந்திரம் இல்லை: ஆர்பிஎம் மீட்டரின் பச்சைக் கோட்டுக்குள் ஓட்டுவது, முன்னால் தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே காலை எடுப்பது, டயர் காற்று, தார்ப்பாய் காற்றில் படபடக்காமல் இருப்பது.

சம்பளம் மூன்று விதமாக இருக்கும். மாதச் சம்பளமும் படியும், அல்லது வாடகையில் இத்தனை சதவீதம், அல்லது டிரிப்புக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்து டீசல் உட்பட மிச்சம் உங்களுக்கு. மூன்றாவது கவர்ச்சியாகத் தெரியும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மிச்சம் பிடிக்கும் ஆசையில்தான் நியூட்ரலும் தூக்கமில்லா ஓட்டமும் வருகின்றன. புதிதாகச் சேருபவர்கள் முதல் வகையில் இருங்கள். வண்டி வேலைக்காக நின்றால் அந்த நாட்களுக்குப் படி உண்டா, பஞ்சர் யார் செலவு, சரக்கு குறைந்தால் யார் பொறுப்பு, இந்த மூன்றையும் சேரும்போதே பேசிவிடுங்கள். பேசாமல் விட்டால் செட்டில்மெண்ட் நாளில் சண்டை.

ஒரு சின்ன நோட்டு போதும். ஒவ்வொரு முறையும் டேங்க்கை வாய்வரை நிரப்பி, கிலோமீட்டரையும் லிட்டரையும் எழுதுங்கள். அடுத்த முறை நிரப்பும்போது மைலேஜ் தானாக வந்துவிடும். ஏற்றுக் கூலி, இறக்குக் கூலி, எடைமேடை, பஞ்சர், பார்க்கிங் எல்லாம் அன்றைக்கே எழுதுங்கள். ரசீது இல்லாத செலவையும் மறைக்காமல் தனியாக எழுதுங்கள். ரோட்டில் மாமூல் இருக்கிறது என்பது ஓனருக்கும் தெரியும், அதை டீசலில் ஒளித்து எழுதினால்தான் உங்கள்மேல் சந்தேகம் வரும். அபராதம் என்றால் இ-சலான் கேளுங்கள். வண்டி எண்ணோடு வந்தால் அது நிஜம்.

தினமும் ஒரு போன். "அண்ணா, கர்னூல் தாண்டிட்டேங்க, எட்டு மணிக்கு ஹைதராபாத் வெளியில போட்டுருவேன்" என்றால் போதும். ஜிபிஎஸ் இருந்தாலும் கூப்பிடுங்கள். லேட் ஆகும் என்று முன்பே சொன்ன டிரைவரை யாரும் திட்டுவதில்லை.

படி 9: இறக்குமிடம்

அடைந்த நேரத்தைக் கேட் என்ட்ரியில் எழுத வையுங்கள். ஹால்டிங் பணம், அதாவது காத்துக் கிடந்ததற்கான பணம் கேட்க அந்த நேரம்தான் ஆதாரம். வாசலில் வண்டியோடு ஒரு போட்டோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்பினால் இன்னும் நல்லது. இறக்கும்போது கேபினில் தூங்கப் போகாதீர்கள், நின்று எண்ணுங்கள். குறைந்தால், நனைந்திருந்தால், அங்கேயே ரசீதில் எத்தனை என்று எழுதி வாங்குங்கள். "ஷார்ட்டேஜ்" என்று மொட்டையாக எழுதிய ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்தும் முத்திரையும் விழுந்த ரசீதை உடனே போட்டோ எடுத்து, அசலை நனையாத கவரில் வையுங்கள். மீதி வாடகை அந்தத் தாளுக்குத்தான் வரும்.

வடக்கே ஓட்டுபவர்களுக்கு இந்தி வேண்டும். இலக்கணம் வேண்டாம், எண்கள், விலை பேசுதல், வழி கேட்டல், கோபப்படாமல் மறுத்தல் போதும்.

படி 10: விபத்து நடந்தால்

வண்டியை ஓரங்கட்டி, ஹசார்ட் போட்டு, கட்டை வைத்து, அடிபட்டவருக்கு 108. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134-ன்படி அடிபட்டவருக்கு உதவ வேண்டியது டிரைவரின் கடமை. கும்பல் அடிக்க வரும் நிலை இருந்தால் அதிலிருந்து விலக்கு உண்டு என்று அதே பிரிவு சொல்கிறது. அப்படி நகர வேண்டி வந்தால் நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய்த் தகவல் சொல்லுங்கள். அதிகபட்சம் 24 மணி நேரம். சொல்லாமல் ஊருக்கு ஓடுவதுதான் வழக்கைக் கெடுக்கும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புது நியாய சம்ஹிதாவில் தப்பி ஓடுபவருக்கு 10 ஆண்டு வரை சிறை என்ற 106(2) பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் வடக்கே லாரிகள் நின்றது நினைவிருக்கும். அந்தப் பிரிவை அமலுக்குக் கொண்டுவராமல் நிறுத்தி வைத்தார்கள். அலட்சியத்தால் மரணம் என்ற 106(1) அமலில் இருக்கிறது, 5 ஆண்டு வரை. வண்டிகள் நின்ற நிலையை நகர்த்தும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள்.

வேலைக்குச் சேரும் நாளிலேயே வண்டியின் இன்சூரன்ஸில் டிரைவருக்கும் கிளீனருக்கும் பிரீமியம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு ஓட்டுநர் நலவாரியத்தில் பதிவு செய்யுங்கள். பிள்ளைகள் படிப்பு உதவி, விபத்து உதவி, ஓய்வூதியம் எல்லாம் அதில் வரும். பதிவைப் புதுப்பிக்க மறந்தவர்கள்தான் அதிகம்.

படி 11: சொந்த வண்டி

நல்ல டிரைவர்கள் ஐந்தாறு வருடத்தில் இதை யோசிக்க ஆரம்பிப்பார்கள். ஃபைனான்ஸ்காரர் வீடு தேடி வருவார். அவசரப்பட வேண்டாம். வண்டிக்கு முன் லோடு வேண்டும். நேராக வாடகை தரும் ஒரு மில்லோ ஆலையோ கையில் இல்லாமல், புரோக்கரை மட்டும் நம்பி வண்டி எடுத்தால் மாதத் தவணைக்காகக் குறைந்த வாடகையிலும் ஓட்ட வேண்டி வரும். ஒரு வருடம் ஓனரின் கணக்கை உங்கள் நோட்டில் எழுதிப் பாருங்கள். நேஷனல் பெர்மிட் வருடத்துக்கு 16,500. மூன்றாம் நபர் காப்பீடு, 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி 20 முதல் 40 டன் வண்டிக்கு 43,950, வரி தனி. இதற்குமேல் சாலை வரி, எஃப்சி வேலை, டயர். டயருக்கென்று கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனியே ஒதுக்காதவர்கள் இரண்டாவது வருடத்தில்தான் திணறுகிறார்கள். பத்து டயரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தேயும்.

பழைய வண்டி வாங்கினால் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டு, கட்டாத சலான், வரி பாக்கி, எஃப்சி தேதி, ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பாருங்கள். சேஸிஸ் எண்ணை நீங்களே துடைத்துப் படியுங்கள். சேஸிஸில் வெல்டிங் தடம் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பெயின்ட் புதிதாக இருக்கும் இடத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கடைசியாக, லோடோடு ஒரு ஓட்டம் கேளுங்கள். காலி வண்டியில் எல்லா எஞ்சினும் நன்றாகத்தான் இழுக்கும்.